வெற்றிட முனைவாக்கம்: உங்களுக்கு எந்த இடத்தில் புரிந்தது?

கணக்கு எழுதுவது என் தொழில். இயற்பியல் பள்ளியோடு சரி. ஆனாலும் வெற்றிட முனைவாக்கம் என்ற சொல் எங்கோ கண்ணில் பட்டு, இரண்டு வருடமாக விடவில்லை.

கிடைத்த விளக்கமெல்லாம் ஒரே மாதிரி. வெற்றிடத்தில் எலக்ட்ரானும் பாசிட்ரானும் (எலக்ட்ரானின் நேர்மின் இரட்டை) ஜோடியாகத் தோன்றி மறையுமாம். மின்னூட்டத்தைச் சுற்றித் திரைபோல நிற்குமாம். படிக்கும்போது தலையாட்டுவேன், மூடி வைத்தால் ஒன்றும் மிஞ்சாது. தோன்றிய கையோடு மறைகிற ஒன்று எப்படித் திரையாக நிற்கும்?

வழி காட்டியது தண்ணீர். அதில் ஒரு நேர்மின் அயனி இருந்தால், சுற்றியுள்ள மூலக்கூறுகள் தங்கள் எதிர்முனையை அதன் பக்கம் திருப்பிக்கொள்ளும். சற்றுத் தள்ளிப் பார்த்தால் அயனியின் விசை ஏறக்குறைய 80இல் ஒரு பங்குதான். வெற்றிடமும் இதே வேலையைச் செய்கிறது, மிக மிகச் சிறிய அளவில். ஜோடிகள் குதித்துக் குதித்து மறையும் படத்தை அன்றைக்கே தூக்கிப் போட்டேன். மின்னூட்டம் இருக்கும் இடத்தில், எங்கும் பரவியிருக்கும் எலக்ட்ரான் புலம் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். (இயற்பியல் படித்தவர்கள் அடிக்க வராதீர்கள்.)

அப்படியும் முழுசாக நம்பிக்கை வரவில்லை. அதைக் கொடுத்தது கூட்டல் கழித்தல்தான். இயற்பியலாளர் டிராக்கின் சமன்பாட்டின்படி, ஹைட்ரஜனில் எலக்ட்ரான் இருக்கக்கூடிய 2எஸ், 2பி என்ற இரண்டு நிலைகளுக்கு ஒரே ஆற்றல் இருக்க வேண்டும். 1947இல் லேம்பும் ரெதர்ஃபோர்டும் அளந்தபோது 2எஸ் மேலே இருந்தது. வித்தியாசம், இன்றைய கணக்கில், சுமார் 1058 மெகாஹெர்ட்ஸ் (இவ்வளவு சிறிய ஆற்றலை அதிர்வெண்ணாகவே சொல்வார்கள்). எலக்ட்ரான் தன் சொந்தப் புலத்தோடு உறவாடுவதால் வருவது 1017, அதன் காந்தத்திருப்புத்திறன், அதாவது காந்த வலிமை, டிராக் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் 68. கூட்டினால் 1085, அதாவது 27 அதிகம். அந்த 27ஐக் கழிப்பதுதான் வெற்றிட முனைவாக்கம்! எஸ் நிலை எலக்ட்ரான் அணுக்கரு வரைக்கும் போய்வரும். திரைக்குள்ளே நுழையும்போது அணுக்கருவின் இழுப்பு கூடுகிறது, ஆற்றல் இறங்குகிறது. யூலிங் என்ற இயற்பியலாளர் 1935இலேயே இந்த விளைவைக் கணக்கிட்டிருந்தார். கணக்கு டேலி ஆன பிறகு நான் எதையும் சந்தேகப்படுவதில்லை.

*

நான் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் பார்ப்பவன். உங்கள் தண்ணீர் உதாரணத்தில்தான் நான் வழுக்கி விழுந்தேன், சார். மின்தேக்கியின் நடுவிலிருக்கும் மின்காப்புப் பொருளை உருவிவிட்டு, அது இல்லாமல் எப்படி என்று அளந்து பார்க்கலாம். வெற்றிடத்தை எப்படி உருவுவது? மாதக்கணக்கில் இதிலேயே மாட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் விளங்கியது: முடியாது. பள்ளியில் மனப்பாடம் செய்த 1.602 × 10⁻¹⁹ கூலும் என்பதே திரைக்கு வெளியே நின்று அளந்த எண். உள்ளே போகப் போக மின்விசையின் வலிமை கூடும். அந்த வலிமையைச் சொல்லும் எண்தான் நுண்கட்டமைப்பு மாறிலி. சாதாரணமாக 1/137 என்று சொல்லும் அது, செர்ன் ஆய்வகத்தில் துகள்களை மிக நெருக்கமாக மோதவிட்டு, மோதல் ஆற்றல் 91 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டை எட்டியபோது சுமார் 1/128 ஆகிவிட்டது. அதில் எலக்ட்ரான் மட்டுமல்ல, மின்னூட்டமுள்ள மற்ற துகள்களின் பங்கும் உண்டு. மாறிலி என்று பெயர் வைத்தவர்கள் பாவம்.

இன்னொன்று, இந்தத் திரை அணு முழுக்கப் பரவியிருக்கிறது என்றே நினைத்திருந்தேன். கிடையாது. அது முக்கியமாக 386 ஃபெம்டோமீட்டருக்குள் (ஒரு ஃபெம்டோமீட்டர் 10⁻¹⁵ மீட்டர்) அடங்கிவிடும். ஹைட்ரஜன் அணுவின் ஆரம் அதைப்போல 137 மடங்கு. உங்கள் 27 அவ்வளவு சிறிய தொகையாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

*

நான் மூன்றாவது ஆள். அந்தத் தொகை பெரிதாகும் இடம் ஒன்று இருக்கிறது. ஹைட்ரஜனில் எலக்ட்ரானுக்குப் பதில், அதே மின்னூட்டமுள்ள மியூவான் என்ற துகளைப் போடுங்கள். அது 207 மடங்கு கனம். ஏறக்குறைய அதே அளவுக்குப் புரோட்டானை நெருங்கிச் சுற்றும், அதாவது திரைக்கு உள்ளேயே குடித்தனம். அங்கே 2எஸ்-2பி இடைவெளி சுமார் 202 மில்லி எலக்ட்ரான் வோல்ட். வெற்றிட முனைவாக்கத்தின் பங்கு மட்டும் சுமார் 205. மற்றதெல்லாம் சேர்ந்து கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவே. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிறுவனத்தில் லேசர் வைத்து இதை அளந்தார்கள், 2010இல் முடிவு வந்தது. எனக்கு இந்த விஷயம் புரிந்ததே இங்கேதான். ஹைட்ரஜனில் தொடங்கியிருந்தால் பாதியில் விட்டிருப்பேன்.

*

மறுபடியும் கணக்குக்காரன். அப்படியானால் மியூவான் அணுவில் 2எஸ் கீழே, 2பி மேலேயா? வரவும் செலவும் இடம் மாறிவிட்டதே. இன்றைக்கும் தூக்கம் போச்சு.