ஷேவிங் கிரீமை மாற்றியும் கழுத்தில் அரிப்பு நிற்கவில்லை: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

தாம்பரத்தான் கேட்டது:

விற்பனைப் பிரிவில் வேலை பார்ப்பதால் வாரத்தில் ஆறு நாளும் முகம் மழித்துக்கொண்டுதான் அலுவலகம் போக வேண்டியிருக்கிறது. சில மாதங்களாகத் தாடைக்கு அடியிலும் கழுத்திலும், சில வாரங்களில் மட்டும் காதுக்கு முன்னால் கிருதா முடியும் இடத்திலும், தோல் சிவந்து பொரிப்பொரியாகத் தடித்து அரிக்கிறது. மழித்த உடனே ஏற்படும் எரிச்சல் முகம் கழுவிய சிறிது நேரத்தில் அடங்கிவிடும்; அதை நான் பெரிதுபடுத்தவில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடங்கி, சட்டைக் காலர் உரசும்போதெல்லாம் கையை அங்கேயே இழுக்கும் அரிப்புதான் தாங்க முடியவில்லை.

முதலில் மென்தால் கலந்த டியூப் கிரீம் பயன்படுத்திவந்தேன். பிறகு பிரஷால் நுரை எழுப்பும் வட்டச் சோப்புக்கு மாறினேன். அதற்கும் பிறகு, வேம்பும் மஞ்சளும் சேர்ந்தது என்று அட்டையில் போட்டிருந்த ஒரு மூலிகைக் கிரீமை வாங்கினேன். மூன்றிலும் நிலைமை ஏறத்தாழ ஒன்றுதான். மழித்து முடித்ததும் படிகாரக் கட்டியைத் தேய்த்து, அதன்மேல் ஆஃப்டர்ஷேவ் தடவுவது என் தந்தையிடமிருந்து வந்த பழக்கம். வீட்டில் போர் தண்ணீர்தான். குழாய் வாயில் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிந்திருக்கும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பைத் தடவினால் சட்டென்று அடங்குகிறது. நிறுத்தினால் முன்பைவிடச் சிவப்பாகத் திரும்பி வருகிறது.

எந்தச் சேர்மானத்தைத் தவிர்க்க வேண்டும், ‘மென்மையான சருமத்துக்கு’ என்று எழுதி விற்பவற்றை நம்பலாமா, வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா என்பதை விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நுரைப்பிரியன் எழுதியது:

நீங்கள் மூன்று பொருள்களை மாற்றிப் பார்த்ததாகச் சொன்னாலும், வேதியியல்படி பார்த்தால் ஒரே பொருளைத்தான் மூன்று உறைகளில் வாங்கியிருக்கிறீர்கள். நுரை தரும் கிரீமும் வட்டச் சோப்பும் பெரும்பாலும் ஸ்டீரிக் அமிலத்தைக் காரத்தோடு சேர்த்து ஆக்கப்படுபவை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மிகுந்தால் குழைவாகவும், சோடியம் ஹைட்ராக்சைடும் சேர்ந்தால் கட்டியாகவும் வரும். வேம்பும் மஞ்சளும் இந்த அடிப்படையை மாற்றுவதில்லை. இத்தகைய நுரையின் பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 9 முதல் 10 வரை போகும்; நம் தோலின் மேற்பரப்போ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை கொண்டது. காலைதோறும் அந்த இடத்தில் காரத்தைப் பூசி, அதோடு பிளேடால் மேல்தோலின் மெல்லிய அடுக்கையும் சேர்த்துச் சுரண்டினால், தோல் தன் ஈரத்தைப் பிடித்து வைக்க முடியாமல் வறண்டு, அடுத்துப் படுகிற எதற்கும் எரியத் தொடங்கும்.

போர் தண்ணீர் இதை இன்னும் கெடுக்கும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத வெண்கசடாக மாறுவதால், நுரை சீக்கிரம் அமர்ந்துவிடும், பிளேடு வழுக்காது, கழுவிய பிறகும் ஒரு பிசுக்குத் தோலிலேயே தங்கும். குளிக்கும் தண்ணீரை மாற்ற முடியாவிட்டாலும், பிரஷை நனைக்கவும் கடைசியாக முகம் அலசவும் ஒரு சொம்பு ஆர்.ஓ. தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்திப் பாருங்கள். அதே சோப்பு வேறு சோப்பாகத் தெரியும்.

மென்தாலைப் பற்றியும் ஒரு சொல். அது தோலைக் குளிர வைப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டி, குளிர்வதாக நம்ப வைக்கிறது. அந்தச் சிலுசிலுப்பில் பிளேடு கீறுவது தெரியாமல் போகும். சிலருக்கு மென்தாலே எரிச்சலைத் தரும். அதன்மேல் படிகாரம், அதற்கும் மேல் ஆல்கஹால் மிகுந்த ஆஃப்டர்ஷேவ் என்று அடுக்கினால் நல்ல தோலும் புண்படும். முதலில் இவை இரண்டையும் நிறுத்திவிட்டு, வாசனை சேர்க்காத ஒரு மாய்ஸ்சரைசரை மட்டும் தடவுங்கள். தாடி முடியை வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊற விட்டால் அது தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும். பிளேடை அழுத்த வேண்டிய தேவையும் குறையும்.

திருச்சி மருந்தாளுநர் எழுதியது:

மேலே நண்பர் எழுதியதில் தவறேதும் இல்லை, ஆனால் அது கேள்வியின் பாதிக்குத்தான் விடை. காரத்தன்மையும் உப்புத் தண்ணீரும் ஆல்கஹாலும் தரும் எரிச்சல் மழிக்கும்போதே, அல்லது சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்; அளவு கூடினால் யாருக்கும் வரலாம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடங்கும் அரிப்பு வேறு வகையைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு குறிப்பிட்ட பொருளை உடலின் எதிர்ப்பு அணுக்கள் முன்பே அடையாளம் கண்டு வைத்திருந்து, அது மீண்டும் தோலில் படும்போது திரண்டு வருவதற்கு ஒன்று முதல் மூன்று நாள் பிடிக்கும். தொடு ஒவ்வாமை எனப்படும் இந்த வகையில் அளவு மிகக் குறைவாக இருந்தாலும் விளைவு வரும். பல ஆண்டுகள் ஒத்துக்கொண்ட பொருளே திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போவதும் உண்டு. ஆகவே, உங்கள் இரு தொல்லைகளுக்கும் ஒரே காரணத்தைத் தேட வேண்டியதில்லை.

சவரப் பொருள்களில் ஒவ்வாமைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியவை வாசனையும் பதப்படுத்திகளும். லினலூல், லிமோனின் போன்ற வாசனைப் பொருள்கள் காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஆக்சிஜனோடு சேர்ந்து ஒவ்வாமை தரும் வடிவத்துக்கு மாறுகின்றன. மூடி சரியாக மூடாத பழைய டியூப்பை எடுத்துப் பூசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில், கழுவி விடும் பொருளில் 0.01 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று 2005 முதல் நடைமுறையில் இருந்தது. 2023-இல் அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக விரித்தார்கள். நம் ஊர் அட்டைகளில் பெரும்பாலும் ‘பெர்ஃப்யூம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு கதை முடிந்துவிடும். பதப்படுத்திகளில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற பெயரைத் தேடுங்கள். அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது இதைத்தான்; தோலில் தங்கும் பூச்சுகளில் இதைச் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பா 2017-இல் தடுத்தது, கழுவி விடுபவற்றில் பத்து லட்சத்தில் 15 பங்கு என்ற வரம்பையும் 2018-இல் கொண்டுவந்தது.

‘மென்மையான சருமத்துக்கு’, ‘மூலிகை’ என்ற சொற்கள் விற்பனைக்கானவை. மூலிகைச் சாற்றுக்கும் எண்ணெய்க்கும் ஒவ்வாமை வரும் என்பதால், அந்த முன்பக்கச் சொற்களைவிட, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலுக்கே மதிப்பு உண்டு.

வீட்டுச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஆஃப்டர்ஷேவ், மாய்ஸ்சரைசர் போன்று தோலில் விட்டுவிடும் பொருளை முழங்கையின் உள்மடிப்பில் ஒரே இடத்தில் தினமும் இரு வேளை, ஒன்றிரண்டு வாரம் தடவிப் பார்க்கலாம். ஷேவிங் கிரீமை அப்படி விட்டுவிடக் கூடாது. நுரையாக்கித் தடவி, சில நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். சோப்பைத் தடவிப் பிளாஸ்திரி போட்டு மூடி வைத்தால் யாருடைய தோலும் சிவக்கும். அதை ஒவ்வாமை என்று எண்ணி ஏமாறுவோர் பலர்.

அந்தக் களிம்பின் பெயரைத் தயவுசெய்து பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. தடவினால் அடங்குவதும் நிறுத்தினால் பெருகுவதும் அதற்கே உரிய குணம். முகத்தில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிந்து, பருப்போல் வெடித்து, வேறொரு நோயாகவே மாறிவிடும். இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு இறுக்கியது. கவுண்டரில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

மதுரை சலூன்காரர் எழுதியது:

நான் படித்து வந்த செய்தி எதுவும் இல்லை. நாற்காலியில் உட்காருகிறவர்களின் கழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கழுத்து முடி கன்னத்து முடியைப் போல ஒரே போக்கில் இறங்காது. தொண்டை முடிச்சுக்கு இரு புறமும் சுழியாகச் சுழன்று, சிலருக்குக் கீழிருந்து மேலாகவே வளரும். ஒரு நாள் முடி வளர விட்டு விரலால் நான்கு திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் சொரசொரப்பு இல்லையோ அந்தப் பக்கமாகத்தான் கத்தி போக வேண்டும். ஒட்ட வர வேண்டும் என்று எதிர்த்து இழுத்தால், தோல் மட்டத்துக்குக் கீழே வெட்டுப்பட்ட முடி வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே வளைந்து குத்தும். சுருட்டை முடிக்காரர்களுக்கு இது அதிகம். மூன்று, ஐந்து பிளேடு அடுக்கிய ரேசரில் முதல் பிளேடு முடியை வெளியே இழுக்க, பின்னால் வருவது அதை இன்னும் கீழே வெட்டும் என்பதால், இப்படிப்பட்டவர்களுக்கு நான் ஒற்றைப் பிளேடைத்தான் சொல்வேன். பொரியின் நடுவில் முடி வளைந்து தெரிகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். தெரிந்தால் சோப்பின் மேல் பழி போட வேண்டாம்.

கிண்ணத்துத் தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் ஊற்றும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். நேரே முகத்தில் படுவதால் சிலருக்கு அதுவே எரிச்சலுக்குக் காரணமாகும். பிரஷை ஈரத்தோடு மூடிப் போட்டு வைக்காமல், முடி கீழே பார்க்கத் தொங்கவிட்டு உலர்த்துங்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். கிருதா முடியும் இடத்தில் ‘சில வாரங்களில் மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஷேவிங் கிரீம் தினமும் படுகிறது. அதுதான் காரணம் என்றால் வாரம் பார்த்து ஏன் வர வேண்டும்? மீசைக்கும் கிருதாவுக்கும் டை அடிக்கிறீர்களா? இதே இடத்தில் இப்படித் தடித்து வந்து, ஷேவிங் கிரீம் மேல் சந்தேகப்பட்டவர்கள் என் கடைக்கே வந்திருக்கிறார்கள்.

தாம்பரத்தான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. களிம்புக் குழாயை எடுத்துப் பார்த்தேன். பீட்டாமெத்தசோனோடு ஒரு ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சை மருந்தும் கலந்தது. கழுத்தில் சில பொரிகளில் முடி வளைந்து உள்ளே போவது உண்மையாகவே தெரிகிறது. டையைப் பொறுத்தவரை, நரை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீரில் குழைக்கும் கறுப்புப் பொடி டையை மீசையிலும் கிருதாவிலும் பூசுவேன். அதைப் பல ஆண்டுகளாகப் போட்டுவருவதால் இதோடு சேர்த்து நினைக்கவே இல்லை. அடுத்த தடவை போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளட்டுமா?

திருச்சி மருந்தாளுநர் எழுதியது:

வேண்டாம். சலூன்காரர் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். கறுப்புப் பொடி டைகளில் நிறத்தைத் தருவது பெரும்பாலும் பாரா பினைலின்டையமின், சுருக்கமாகப் பி.பி.டி.; கறுப்பு மருதாணி என்று விற்கும் பொடிகளிலும் பலவற்றில் இதுதான் இருக்கும். இதற்கு ஒவ்வாமை வந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் விளைவு கடுமையாகிக்கொண்டே போகலாம். கண்ணிமை வீங்கி, உதடு தடித்து, தோலில் நீர் கசிந்து மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு. டை போடுபவர்கள் 48 மணி நேரம் முன்னதாகத் தோலில் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அட்டையில் எழுதியிருப்பது வேறு விஷயம். ஏற்கெனவே தடித்தவர் சோதனைக்காகக்கூட அதைத் திரும்பத் தொடக் கூடாது. டை அலசும்போது வழியும் தண்ணீர் தாடையிலும் கழுத்திலும் இறங்குவதால், அங்கே வரும் அரிப்பில் ஒரு பங்கு அதனால் வந்ததாகவும் இருக்கலாம், மீதி உள்வளர்ந்த முடியாலும் ஆஃப்டர்ஷேவாலும் வந்ததாக இருக்கலாம். இதை ஊகத்தால் பிரிக்க முடியாது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ தோல் மருத்துவரிடமோ போய்ப் பேட்ச் டெஸ்ட் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சந்தேகிக்கும் பொருள்களைச் சிறு தட்டுகளில் வைத்து முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். நான்காம் நாளும் மறுபடி பார்ப்பார்கள். இந்தியாவில் அடிக்கடி ஒவ்வாமை தருபவற்றைத் தொகுத்த தரப் பட்டியல் ஒன்று இதற்கென்றே உண்டு, பி.பி.டி.யும் வாசனைக் கலவையும் அதில் அடங்கும். அந்த நாள்களில் முதுகு நனையக் கூடாது, வியர்க்க வேலை செய்யக் கூடாது என்பதால், மே மாதத்து வெயிலில் வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. முதுகில் ஸ்டீராய்டு தடவியிருந்தாலோ மாத்திரையாகச் சாப்பிட்டாலோ முடிவு பொய்யாக வரும். முகத்துக் களிம்பைக்கூட நீங்களாக நிறுத்தாமல், எப்படிக் குறைப்பது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது கிரீம், சோப்பு, ஆஃப்டர்ஷேவ், டை, களிம்பு எல்லாவற்றையும் அட்டையோடு ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அரிப்பு உச்சத்தில் இருக்கும்போது எடுத்த புகைப்படமும், டை போட்ட தேதிகளும் கையில் இருந்தால் மருத்துவருக்கு வேலை எளிது.

அதுவரை பிளேடே வேண்டாம். டிரிம்மரால் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முடியை விட்டு வெட்டிக்கொண்டு போங்கள். மேலாளர் கேட்டால் தோல் மருத்துவரின் சீட்டைக் காட்டுங்கள்.