கொடைக்கானல்: ரெய்டு 0-இல் ஒரு டிஸ்க் போய்விட்டது, உதவி தேவை

வணக்கம். எங்கள் ஸ்டுடியோவில் 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டை லினக்ஸில் ரெய்டு 0 ஆக, அதாவது இரண்டும் ஒரே டிஸ்க்காகத் தெரியும்படி, இணைத்திருந்தோம். மழையில் மின்சாரம் போய்ப்போய் வந்ததில் ஒன்று படுத்துவிட்டது. சுழலத் தொடங்குகிறது, நாலைந்து முறை 'டிக் டிக்' என்கிறது, அடங்கிவிடுகிறது.

மற்றது நலம், டிடிரெஸ்கியூ என்ற மீட்பு மென்பொருள் மூலம் நகலும் எடுத்தாயிற்று. ஆனால் ரெய்டு 0-இல் கோப்புகள் துண்டு துண்டாக இரண்டிலும் மாறிமாறிக் கிடப்பதால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய படம் எதையும் மீட்க முடியாது. உள்ளே இருப்பவை 2018-இல் பூத்த குறிஞ்சிப் படங்கள். மறுபடி எடுக்க 2030 வரை காத்திருக்க வேண்டும்.

மதுரை, கோவைப் பக்கம் தூசியற்ற அறையில் ஹெட் (தரவைப் படிக்கும் முனை) மாற்றித் தரும் நம்பகமானவர்கள் உண்டா? தரவு மீளாவிட்டாலும் கட்டணம் வாங்குவார்களா? சில செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) விடுபட்ட நகலோடு, லினக்ஸின் ரெய்டு கருவியான எம்டிஅட்மில் படிக்க மட்டும் என்ற முறையில் ரெய்டு தொகுப்பை எழுப்பியவர்கள் இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கச் சொன்னவருக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். பேக்கப் பற்றிய அறிவுரையும் வேண்டாம். வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.