பர்மா தேக்கில் ஒரு பேஸ், கடையில் வாங்கிய ஒரு பேஸ்: காரைக்குடி அனுபவம்

கிட்டாரைச் சொல்லிச் செய்வதா, ஆலையில் செய்ததைக் கடையில் வாங்குவதா என்று கேட்டிருந்த நண்பருக்காக இதை எழுதுகிறேன். நான் காரைக்குடியில் இருக்கிறேன். திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் வாசிக்கும் மெல்லிசைக் குழு ஒன்றில் பத்து ஆண்டுகளுக்கு மேலாக பேஸ் (தடித்த கம்பிகளில் கீழ்ச்சுருதி வாசிக்கும் கிட்டார்) வாசிக்கிறேன். இரண்டு வழியிலும் போய்ப் பார்த்தவன்.

அப்பத்தா வீட்டின் பின்கட்டை இடித்தபோது பர்மா தேக்கு விட்டத்தில் ஒரு துண்டு என் பங்குக்கு வந்தது. பழைய தேக்குக்கு எங்கள் பக்கத்தில் என்ன மரியாதை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மரத்தில் ஒரு பேஸ் செய்தால் அதன் நாதமே தனி என்று யார் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நம்பியிருப்பேன். வெளியூரில் தனியாகப் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் மரத்தையும் முன்பணத்தையும் கொடுத்தேன். நான்கு மாதம் என்றவர் பதினோராவது மாதத்தில் கொடுத்தார். பார்க்க அழகான கருவிதான். எண்ணெய் மெருகில் மரத்தின் ரேகைகள் தேன் நிறத்தில் எழுந்து நின்றன. ஆனால் எடை ஐந்தரைக் கிலோ. கடைகளில் கிடைக்கும் பேஸ்கள் பெரும்பாலும் நான்கு கிலோவைச் சுற்றியே இருக்கும். அவற்றுக்கு வழக்கமாகப் போடும் ஆல்டர் போன்ற மரங்களைவிடத் தேக்கு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கனமானது என்பதை நான் தோளால்தான் தெரிந்துகொண்டேன்.

எடையையாவது பொறுத்துக்கொள்ளலாம். கீபோர்டோடு சேர்ந்து வாசித்தபோது, மேலே போகப் போகச் சுருதி கூடிக்கொண்டே போனது. என்னுடையதில் கம்பி அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். நெக்கின் (கழுத்தின்) உச்சியில் கம்பிகள் படியும் நட்டிலிருந்து பன்னிரண்டாம் ஃபிரெட் (சுருதி இடங்களில் பதித்த உலோகக் குறுக்குக் கம்பி) வரை அதில் சரிபாதியான 432 இருக்க வேண்டும், அது சரியாகவே இருந்தது. அங்கிருந்து, மறுமுனையில் கம்பியைத் தாங்கும் சேடில் வரை இன்னொரு 432-ஓடு, கம்பியை அழுத்தும்போது ஏறும் சுருதியை ஈடுசெய்யச் சில மில்லிமீட்டர் கூடுதலாகவும் வேண்டும்; தடித்த கம்பிக்கு இது இன்னும் அதிகம். சேடில் திருகை ஸ்பிரிங் நசுங்கும் வரை பின்னுக்கு இழுத்தும் எனக்கு 431-க்கு மேல் கிடைக்கவில்லை. சேடில்கள் பொருந்தியிருக்கும் பிரிட்ஜையே நெக்கின் பக்கம் முன்தள்ளிப் பதித்திருந்தார்கள். செய்தவரிடம் கேட்டதற்கு, கம்பி மாற்றிப் பாருங்கள் என்றார்.

எங்கள் தெருவில் கதவு நிலை வேலை செய்யும் ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோனேன். கிட்டாரை அவர் கையில் வாங்கியதே அன்றுதான். புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கீல் தப்பா வச்ச கதவு மாதிரிதான் இது. பழைய தொளைய அடைச்சிட்டு புதுசாப் போடணும். எவ்வளவு தள்ளணும்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார். "ஏழு மில்லிமீட்டர்ணே" என்றேன். தேக்கிலேயே ஐந்து முளைகள் சீவி, பசை ஒட்டும் இடத்தில் மரத்தின் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, அடித்து இறக்கி, மறுநாள் புதுத் துளை போட்டார். அதன் பிறகுதான் அது வாத்தியமாயிற்று.

இதற்கிடையில் கச்சேரிக்கு ஆகும் என்று இந்தோனேசியாவில் செய்த சாதாரண பேஸ் ஒன்றைக் கடையில் வாங்கியிருந்தேன். அதிலும் குறை இருந்தது: கம்பி உயரம் மிக அதிகம், சித்திரை வெயிலில் ஃபிரெட்கள் பதித்த பலகையான ஃபிங்கர்போர்டு சுருங்கி, ஃபிரெட் முனைகள் விளிம்பைத் தாண்டி உள்ளங்கையைக் கீறின. ஆனால் நெக்கின் வளைவைத் திருத்த உள்ளே இருக்கும் டிரஸ் ராடை ஒரு கால் சுற்று முறுக்கி, சேடிலை இறக்கி, முனைகளை அரத்தால் தேய்த்ததும் ஒரே நாளில் எல்லாம் சரியாயிற்று. கணினி இயந்திரம் வெட்டிய பள்ளங்களில் ஒரு ஃபிரெட்கூட இடம் தவறியிருக்கவில்லை. இதில் வியப்பும் இல்லை. அமெரிக்கக் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பேஸுக்கு 'பிரிசிஷன்' என்று பெயர் வந்ததே ஃபிரெட்கள் சுருதியைத் துல்லியமாக நிறுத்துவதால்தான். நெக்கைத் திருகாணியால் பூட்டியதும் ஆலையில் விரைவாகச் செய்வதற்கும் கழற்றி மாற்றுவதற்கும்தான். எலெக்ட்ரிக் பேஸ் ஆலைக்கென்றே பிறந்த வாத்தியம். வீணையில் ஃபிரெட்களுக்கு இணையான இருபத்து நான்கு மெட்டுகளும் மெழுகில் நிற்பவை. இடம் பிசகினால் மெழுகை இளக்கி நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் ரம்பம் போட்ட பள்ளம் போட்டதுதான்.

ஆகவே, வழக்கமான அளவில் வழக்கமான கருவி வேண்டுமென்றால் கடையில் வாங்கி, நல்ல கைகாரரிடம் கம்பி உயரம், நெக் வளைவு முதலியவற்றைச் சீர்செய்யும் செட்டப் செய்துகொள்ளுங்கள் என்பேன். மரத்துக்காகச் சொல்லிச் செய்யாதீர்கள். தேக்கு பேஸ் இப்போது வீட்டில் உட்கார்ந்து வாசிக்க மட்டும்.

* * *

இதற்குத் தேவகோட்டையிலிருந்து வந்த பதில்:

அண்ணா சொன்னதில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான், ஆனால் நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். கடையில் வலக்கைக் கிட்டாரையே கம்பி மாற்றித் தருகிறோம், இடக்கை கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் அப்படித்தானே வாசித்தார் என்றார்கள். நட்டில் உள்ள வெட்டுகள் ஒவ்வொரு கம்பியின் தடிமனுக்கும் ஏற்றவை என்பதால் தலைகீழாக மாட்டினால் ஒன்று தளரும், இன்னொன்று உள்ளேயே போகாது. குமிழ்கள் முழங்கையில் இடிக்கும். மேல் ஃபிரெட்களுக்குக் கை எட்டுவதற்கான குடைவும் எதிர்ப்பக்கம் போய்விடும். என்னைப் போன்றவர்களுக்குச் சொல்லிச் செய்வது ஆடம்பரம் ஆகாது.

நான் மரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, செய்பவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டேன். அளவுகளை மட்டும் இரண்டு பக்கத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: கை சிறியது என்பதால் 628 மில்லிமீட்டர் கம்பி நீளம், நட்டின் அகலம், முதல் ஃபிரெட்டிலும் பன்னிரண்டாம் ஃபிரெட்டிலும் நெக்கின் தடிமன், ஃபிங்கர்போர்டின் வளைவு, ஃபிரெட் கம்பியின் உயரம், மொத்த எடை மூன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்பது வரை. பிரிட்ஜைப் பதிக்கும் முன் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் எழுதியிருந்தேன். அனுப்பினார். ஏழு மாதத்தில் வந்த கிட்டார் எழுதியபடியே இருந்தது.

ஒன்றே ஒன்று தவறிவிட்டது. வாசிக்கும்போது குனிந்து பார்க்க நெக்கின் விளிம்பில் புள்ளிகள் வைப்பார்கள் அல்லவா, அவற்றை வலக்கைக்காரருக்கு வைக்கும் விளிம்பிலேயே வைத்துவிட்டார். என் முன்னால் உட்கார்ந்திருப்பவர் தரையில் படுத்தால் பார்க்கலாம். அந்தத் தாளில் இது மட்டும்தான் இல்லை. இப்போது என் பக்க விளிம்பில் வெள்ளை நகப்பூச்சால் புள்ளி வைத்திருக்கிறேன். வியர்வையில் அழிய அழிய மறுபடி வைத்துக்கொள்கிறேன்.