தரவுத்தளம் மீண்ட பின்னும் சேவை ஏன் எழுவதில்லை?

நீலவானம் கேட்டது:

நாங்கள் நடத்தும் பேக்எண்ட் மூன்று அடுக்குகளைக் கொண்டது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை முகப்புச் சேவை வாங்கி ஆர்டர் சேவைக்கு அனுப்பும். அது இருப்புச் சேவையை அழைக்கும். இருப்புச் சேவை போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் படித்து எழுதும். சாதாரண நேரங்களில் தரவுத்தளத்தின் சிபியு பாதியைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் சில சமயம் புதிய பதிப்பை வெளியிடும்போது தரவுத்தளம் ஏறத்தாழ அரை நிமிடம் உறைந்துபோகிறது. அது விலகியதும் எல்லாம் தானாகச் சரியாக வேண்டும் அல்லவா? நடப்பதோ நேர்மாறு. சிபியு உச்சத்துக்கு ஏறி அங்கேயே நிற்கிறது; அரை மணி நேரத்துக்கு மேலாகப் பிழைகள் தொடர்கின்றன; எல்லாச் சர்வர்களையும் ரீஸ்டார்ட் செய்தாலும் சில வேளை சரியாகிறது, சில வேளை ஆவதில்லை. பெரிய இயந்திரத்துக்கு மாறலாம் என்று ஒரு தரப்பும், அழைப்பு தோற்றால் ஒவ்வோர் அடுக்கும் செய்யும் மூன்று முயற்சிகளை ஐந்தாக உயர்த்தலாம் என்று மறு தரப்பும் குழுவில் வாதிடுகின்றன. எது சரி?

இரவுப்பணியாளர் எழுதியது:

ஐந்தாக உயர்த்தும் யோசனையை முதலில் கைவிடுங்கள். உங்கள் சேவையை எழவிடாமல் அழுத்திக்கொண்டிருப்பதே அந்த மறுமுயற்சிகள்தாம். மூன்று அடுக்குகளும் தத்தம் பங்குக்கு மும்மூன்று முறை முயன்றால், ஒரு பயனரின் ஒரே கோரிக்கை மோசமான நிலையில் தரவுத்தளத்தை 27 முறை தட்டும். ஐந்தாக்கினால் 125 முறை. பதில் வராத பயனர் பக்கத்தைப் புதுப்பித்தால் அந்தக் கணக்கு மறுபடியும் தொடங்கும். உறைவுக்குக் காரணமானது அரை நிமிடத்தில் போய்விட்டது. அதன்பின் தரவுத்தளத்தைத் திணறடிப்பது உங்கள் சேவைகளே உண்டாக்கும் சுமை. இயந்திரத்தைப் பெரிதாக்கினால் இந்த நிலை சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத இன்னொன்று உண்டு. மேலடுக்கு ஐந்து வினாடியில் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. ஆனால் போஸ்ட்கிரெஸ் இயல்பாக அதை உடனே கவனிப்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வினவலை முடித்து, விடையை அனுப்ப முயலும்போதுதான் எதிரில் ஆளில்லை என்று அதற்குத் தெரியும். ஆக, யாருக்கும் தேவைப்படாத விடைகளைக் கணக்கிடுவதிலேயே அதன் ஆற்றலில் பெரும்பகுதி போகிறது. ஒரு வினவல் ஓடக்கூடிய நேரத்துக்கு வரம்பிடும் ஸ்டேட்மென்ட் டைம்அவுட் என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை. அதை அழைப்பவரின் டைம்அவுட்டைவிடக் குறைவாக வையுங்கள். ஹெச்டிடிபி அழைப்புகளையும் ஒருமுறை சரிபாருங்கள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும் கோ மொழியின் இயல்பான ஹெச்டிடிபி கிளையன்ட்டும் நாமாகச் சொல்லாதவரை காலவரையின்றிக் காத்திருக்கும்.

மறுமுயற்சியை மேலடுக்கு ஒன்றில் மட்டும் வைத்து, இடைவெளியை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்கி, அதில் சிறிது தற்செயல் வேறுபாட்டையும் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் ஒரே நொடியில் திரும்பி வருவார்கள். மொத்தக் கோரிக்கைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மறுமுயற்சி போகக்கூடாது என்ற உச்சவரம்பும் வேண்டும்.

விபத்து நடந்துகொண்டிருக்கும்போது செய்யவேண்டியது வேறு. கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சரிலேயே பெரும்பகுதிக் கோரிக்கைகளைத் திருப்பி அனுப்பி, பத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட்டு, சிபியு இறங்கியதும் படிப்படியாக ஏற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ரீஸ்டார்ட் செய்தால் கேஷ் (அடிக்கடி கேட்கும் விடைகளின் தற்காலிகச் சேமிப்பு) காலியாகி, முன்பு கேஷே பதில் சொன்ன கேள்விகளும் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேரும். சில வேளை பலிக்காமல் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பூல்காரன் எழுதியது:

மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். மறுமுயற்சி மேலடுக்கில் மட்டும் என்பதில் ஒரு நிபந்தனை சேர்ப்பேன். ஆர்டர் போன்ற எழுதும் கோரிக்கைகளுக்குத் தனித்த அடையாள எண் ஒன்றை முதல் முயற்சியிலேயே உண்டாக்கி, அதைத் தரவுத்தளத்தில் யூனிக் (ஒரே எண் இருமுறை வரவிடாத) கட்டுப்பாட்டோடு சேமிக்காதவரை எங்கிருந்து மறுபடி முயன்றாலும் ஆபத்துதான். டைம்அவுட் ஆன கோரிக்கை நிறைவேறியிருக்கவும் கூடும்; மறுபடி முயன்றால் ஆர்டர் இரட்டிக்கும்.

கனெக்‌ஷன் பூலைப் (திறந்தபடி வைத்துப் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தள இணைப்புகளின் தொகுப்பைப்) பற்றி யாரும் பேசவில்லை. வினாடிக்கு 200 கோரிக்கைகள் வந்து, ஒவ்வொன்றும் இணைப்பை 20 மில்லிவினாடி பிடித்திருந்தால் சராசரியாக 4 இணைப்புகள் போதும். அதே கோரிக்கை 2 வினாடி பிடித்திருந்தால் 400 வேண்டும். போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்போ 100. உடனே அதை உயர்த்தத்தான் கை போகும். ஆனால் ஒவ்வோர் இணைப்பும் அங்கே ஒரு தனிப் பிராசஸ் என்பதால், சிபியு கோர்களின் எண்ணிக்கையை வெகுவாகத் தாண்டிய இணைப்புகள் வேலையைக் கூட்டுவதில்லை, நெரிசலைத்தான் கூட்டும். பூலைச் சிறிதாக வைத்து, பூலுக்கு வெளியே காத்திருக்கும் நேரத்தையும் குறுக்குங்கள். ஜாவா உலகில் பலரும் பயன்படுத்தும் ஹிகாரிசிபி, இணைப்புக்காக இயல்பாக 30 வினாடி காத்திருக்கும். எந்தப் பயனர் அதுவரை இருப்பார்? ஒரு வினாடியில் மறுத்துவிடுவது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

சர்வர் நலமா என்று பார்க்கும் ஹெல்த் செக்கில் தரவுத்தளத்தைத் தொட்டுப் பார்க்கிறீர்களா என்றும் பாருங்கள். தொட்டால், அந்த அரை நிமிடத்தில் எல்லாச் சர்வர்களும் ஒன்றாகத் தோற்கும். சேவைகளை ஓட்டி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸில் அது, உயிரோடிருக்கிறதா என்று பார்க்கும் லைவ்னஸ் சோதனையாக அமைந்திருந்தால், நலமாக இருந்த சேவைகளையெல்லாம் அதுவே கொன்று மறுபடி எழுப்பிக்கொண்டிருக்கும்.

நீலவானம் எழுதியது:

இருவருக்கும் நன்றி. ஹெல்த் செக் தரவுத்தளத்தைத் தொடத்தான் செய்கிறது, அதை மாற்றுகிறோம். அமர்வுகள் என்ன செய்கின்றன என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியிலிருந்து உறைவின்போது எடுத்த பதிவில் ஏறத்தாழ எல்லா அமர்வுகளும் லாக்குக்காக (டேபிளின் பூட்டுக்காக) காத்திருக்கின்றன. அவற்றுக்கு முன்னால் எங்கள் மைகிரேஷனின் (தரவுத்தள அமைப்பை மாற்றும் நிரலின்) ஆல்டர் டேபிள் கட்டளை நிற்கிறது. அது டேபிளில் ஒரு நெடுவரிசையை மட்டுமே சேர்க்கிறது, அதுவும் மாறாத இயல்பு மதிப்போடு. போஸ்ட்கிரெஸ் பதிப்பு 11 முதல் இது நொடியில் முடியும் என்றல்லவா படித்திருக்கிறோம்?

தரவுமேய்ப்பன் எழுதியது:

வேலை நொடியில் முடியும், காத்திருப்பு முடியாது. 2018இல் வந்த பதிப்பு 11, அத்தகைய நெடுவரிசையைச் சேர்க்க டேபிள் முழுவதையும் திருப்பி எழுதும் தேவையை நீக்கியது. ஆனால் ஆல்டர் டேபிளுக்கு வேண்டிய லாக் மிகக் கடுமையானது. தரவைப் படிக்கும் சாதாரண செலக்ட் ஒன்றோடும் அது ஒத்துப்போகாது. அந்நேரம் யாரோ ஓர் அரை நிமிட அறிக்கை வினவலை ஓட்டிக்கொண்டிருந்தால், ஆல்டர் டேபிள் அதன் பின்னால் நிற்கும். பின்னர் வரும் செலக்ட்கள் அறிக்கையோடு முரண்படாதவை என்றாலும், வரிசையில் முன்னால் நிற்கும் ஆல்டரைத் தாண்டிப் போக முடியாமல் அதன் பின்னால் அடுக்கடுக்காகச் சேரும். அறிக்கை முடிந்த கணத்தில் அத்தனையும் ஒன்றாகத் திறந்துவிடப்படும். அதற்கு மேல் நடப்பதை நண்பர்கள் விளக்கிவிட்டார்கள்.

மைகிரேஷன் அமர்வில் மட்டும் லாக் டைம்அவுட்டை ஓரிரு வினாடியாக வைத்து, லாக் கிடைக்காவிட்டால் விலகி, சற்றுப் பொறுத்து மறுபடி முயலச் செய்யுங்கள். அதைப் பொது அமைப்பில் வைத்தால் எல்லா அமர்வுகளையும் பாதிக்கும். பிகின் என்று தொடங்கி டேபிளைத் தொட்டுவிட்டு, முடிக்காமல் சும்மா கிடக்கும் பரிவர்த்தனைகளும் இதே வேலையைச் செய்யும். அவற்றுக்கெனத் தனி டைம்அவுட் உண்டு, அதன் இயல்பு மதிப்பும் பூஜ்யமே.

அறிக்கையை ரெப்ளிகாவுக்கு (தரவுத்தளத்தின் நகலுக்கு) மாற்றலாம் என்று அடுத்துத் தோன்றும். மாற்றுங்கள், ஆனால் அந்த லாக் அங்கும் வந்து சேரும். ரெப்ளிகா இயல்பாக 30 வினாடிவரை பொறுத்துவிட்டு, குறுக்கே நிற்கும் அறிக்கை வினவலை ரத்து செய்துவிடும். அறிக்கை தயாரிப்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, ரத்தானால் மறுபடி ஓடும்படி அவருடைய நிரலை அமைக்கச் சொல்லுங்கள்.