பழைய ஆல் வீல் டிரைவ் வேன்: திரும்பும்போது பிடிக்கிறது, 70-ல் அதிர்கிறது. எதை முதலில் மாற்றுவது?

மறைகழன்றவன்:
வணக்கம். வண்டி ஃபோக்ஸ்வாகன் டி3 சிங்க்ரோ, 1990 மாடல். என்ஜினும் கியர்பாக்ஸும் பின்னால், அங்கிருந்து விசையைக் கடத்தும் நீளத் தண்டு, அதாவது ப்ரொபெல்லர் ஷாஃப்ட், முன்னால் போகிறது, இரண்டு முன் சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் முன் டிஃபரன்ஷியலுக்குள்தான் விஸ்கஸ் கப்ளிங், எண்ணெய் வழியாக விசை கடத்தும் இணைப்பு. மூன்று தொல்லை சேர்ந்து வந்திருக்கிறது. ஒன்று, வண்டியை நிறுத்தும்போது ஃபுல் கட் அடித்தால், அதாவது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால், யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கிறது, முன் டயர் தரையில் தேய்கிற சத்தம் காதில் விழுகிறது. இரண்டு, இடது பக்கம் ஒடித்துக்கொண்டு ஆக்சிலேட்டர் மிதித்தால் முன் சக்கரத்தில் டக் டக் டக். மூன்று, 65-லிருந்து 80 வரைக்கும் தரையோடு ஒரு அதிர்வு, சீட்டில் உட்கார்ந்தால் முதுகில் தெரிகிறது. ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாற்றினால் அடியில் 'டொங்' என்று ஒரு அடி வேறு.

கப்ளிங், ஷாஃப்ட், சக்கரத்துக்குப் போகும் அச்சுத்தண்டின் முனையில் மடங்கிச் சுழலும் சிவி ஜாயின்ட் நான்கு, எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். மாற்ற ஆரம்பித்தால் எதில் தொடங்குவது?

ஸ்பேனர்13:
கப்ளிங் போய்விட்டது, வேறென்ன. இந்த வயசில் எல்லா சிங்க்ரோவிலும் இதே கதைதான். அதைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் நழுவாத சாலிட் ஷாஃப்ட் போடுங்கள், ஜோலி முடிந்தது.

கிரீஸ்கை:
ஸ்பேனர், சாலிட் ஷாஃப்ட் போடச் சொன்னால் கூடவே முன் டிரைவைத் துண்டிக்கும் டீகப்ளரும் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொள்ளும், காய்ந்த தார் ரோட்டில் திரும்பும்போது ஏறுகிற முறுக்கு முழுக்கக் கியர் பல்லில்தான் போய் இறங்கும். சேற்றில் சக்கரம் வழுக்கி முறுக்கை விட்டுவிடும், தாரில் விடாது.

தம்பி, எதையும் வாங்காதே. முதலில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல். சமீபத்தில் டயர் மாற்றினாயா? திரும்பும்போது பிடிப்பது காலையில் வண்டியை எடுத்தவுடனேயே இருக்கிறதா, நெடுந்தூரம் ஓடி வந்த பிறகா?

மறைகழன்றவன்:
அண்ணே, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! முன் இரண்டு டயர் மட்டும் புதுசு, இரண்டு மாதம் ஆகிறது. பின்னால் இருப்பது பாதி தேய்ந்தது. அளவு ஒன்றுதான், 205/70 ஆர்14. காலையில் பிடிப்பு அவ்வளவாக இல்லை. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திருப்பினால்தான் மோசம்.

கிரீஸ்கை:
அப்போ கப்ளிங்கை இன்னும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதே. அதற்குள் இருப்பது சிலிகான் எண்ணெயும் மெல்லிய தட்டுகளும்தான், ஒரு பாதித் தட்டு முன் சக்கரத்தோடு சுற்றும், மறுபாதி ஷாஃப்ட்டோடு. இரண்டுக்கும் வேக வித்தியாசம் வந்தால் எண்ணெய் சூடாகி விரிந்து இறுகும். டயரில் எழுதியிருக்கிற அளவு ஒன்றாக இருந்து என்ன பயன், புது டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் மேடு, 8 மில்லிமீட்டர், தேய்ந்ததில் 3 என்று வைத்துக்கொள், ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம், சுற்றளவில் 3 சென்டிமீட்டர். அதாவது நேராகப் போகும்போதுகூட ஒவ்வொரு சுற்றிலும் கப்ளிங் நழுவிக்கொண்டே இருக்கிறது. சூடாகாமல் என்ன செய்யும்? செத்த கப்ளிங் என்றால் குளிர்ந்திருக்கும்போதும் பிடிக்கும்.

டயரில் காற்றைச் சரிபார்த்துவிட்டு முன் ஒன்று, பின் ஒன்று சாக்பீஸால் கோடு போடு. சமதரையில் வண்டியைத் தள்ளி, ஐந்து சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து சொல். அந்த 'டொங்' பற்றி: அடியில் படுத்து ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள கிராஸை, சிலுவை வடிவ மடக்கு இணைப்பை, பார். மூடியைச் சுற்றி சிவப்பாகத் துருப்பொடி தெரிந்தால் உள்ளே ஊசி பேரிங் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

எண்ணெய்க்கறை:
அதிர்வுக்கு ஒரு சோதனை. ஷாஃப்ட்டை முழுசாகக் கழற்றிவிட்டு பின் சக்கர டிரைவில் மட்டும் அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். இந்த வண்டியில் கப்ளிங் முன்னால் இருப்பதால் இது முடியும், நடுவில் டிஃபரன்ஷியல் வைத்த வேனில் செய்தால் வண்டி நகராமலே போகலாம். அதிர்வு நின்றால் ஷாஃப்ட்தான். 70-ல் சக்கரம் நிமிடத்துக்கு 580 சுற்று சுற்றினால் ஷாஃப்ட் அதைவிடக் கிட்டத்தட்ட 5 மடங்கு, 2800 சுற்று. அதில் தூசி அளவு ஆட்டம் இருந்தாலும் உடம்பு குலுங்கும்.

கழற்றுவதற்கு முன் ஷாஃப்ட்டைப் போல்ட் போட்டு இணைக்கும் தட்டுகள், அதாவது ஃபிளாஞ்ச், இரண்டிலும் பெயிண்டால் கோடு போடுங்கள், எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் திரும்ப உட்கார வேண்டும். இன்னொன்று, ஒரு அச்சை மட்டும் ஜாக்கியில் தூக்கி கியர் போட்டு என்ஜினை ஓட விடாதீர்கள். தரையில் இருக்கிற சக்கரம் கப்ளிங் வழியாக விசை வாங்கி வண்டியைத் தாங்கியிலிருந்து தள்ளிவிடும்.

மறைகழன்றவன்:
அளந்துவிட்டேன். ஐந்து சுற்றில் முன் சக்கரம் 13 சென்டிமீட்டர் அதிகம் போகிறது! ஷாஃப்ட்டின் பின் முனைக் கிராஸில் நீங்கள் சொன்ன சிவப்புப் பொடி, விரலில் தேய்த்தால் குங்குமம் மாதிரி ஒட்டுகிறது. கழற்றிக் கையில் வைத்து மடக்கினால் நடு இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் கடக் என்று நிற்கிறது. ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டினேன், 80 வரை தூளி ஆட்டுகிற மாதிரி போகிறது. 'டொங்'கும் பெரும்பாலும் போய்விட்டது.

இடது முன் சக்கரத்து சிவி ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் மடிப்பில் கிழிந்து, ரிம்மின் உள்பக்கம் முழுக்க கிரீஸ் விசிறி அடித்திருக்கிறது. அதைக் கழற்றப் போய்தான் சொதப்பிவிட்டேன். உள்பக்க போல்ட் ஒன்றில் ஆலன் கீ வைத்துத் திருப்பி தலையிலிருக்கும் பள்ளத்தை வழித்துவிட்டேன்.

கிரீஸ்கை:
எல்லோரும் ஒரு முறை செய்கிற தப்புதான். அது ஆலன் இல்லை, ஆறு முனை நட்சத்திர டார்க்ஸும் இல்லை, பன்னிரண்டு முனை எக்ஸ்இசட்என், எம்8 அளவு. மிச்ச போல்ட்டுகளின் பள்ளத்தில் உறைந்திருக்கிற கிரீஸையும் மண்ணையும் ஊசியால் நோண்டி எடுத்து, பிட்டைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கிவிட்டு அப்புறம் திருப்பு. வழிந்ததில் சற்றுப் பெரிய டார்க்ஸ் பிட்டை அடித்து இறக்கிப் பார், வராவிட்டால் தலையை கிரைண்டரில் சீவிவிடு, ஜாயின்ட் வெளியே வந்ததும் போல்ட்டின் மிச்சத் தண்டு பிளையரிலேயே கழன்றுவிடும்.

டக் டக் கேட்க ஆரம்பித்த ஜாயின்ட்டுக்குப் புது பூட் மாட்டுவது வீண் வேலை, உள்ளே குண்டு ஓடும் தடத்தில் குழி விழுந்திருக்கும். ஜாயின்ட்டையே மாற்று, மாலிப்டினம் கிரீஸ் போடு, போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை முறுக்கிப் பார். அச்சுத்தண்டு வெளியே இருக்கும்போது சக்கரத்தைத் தரையில் ஊன்றி வண்டியை உருட்டாதே, ஹப் பேரிங் கெட்டுவிடும். அதுவரை மற்ற சிவி ஜாயின்ட் எதையும் தொடாதே, நல்லா ஓடுகிறதை எதற்குக் கிளறணும்.

ஸ்பேனர்13:
சரி, கப்ளிங் விஷயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். முன் டிஃபரன்ஷியல் எண்ணெயையும் ஒரு பார்வை பாருங்கள். ஊற்றுகிற பிளக்கை முதலில் கழற்றுங்கள், அது வராமல் போய் அதற்குள் வடிகால் பிளக்கைத் திறந்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். பிளக்கில் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழைவு வந்தால் பரவாயில்லை, துணுக்கு வந்தால் படம் போடுங்கள்.

மறைகழன்றவன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். நான்கும் ஒரே டயர், ஒரே தேய்மானம். கிராஸ் தொழிற்சாலையிலேயே அடித்து இறுக்கியது என்பதால் நான் கை வைக்காமல் ஷாஃப்ட் வேலை செய்கிறவரிடம் கொடுத்து, இரண்டு முனையும் மாற்றி பேலன்ஸ் செய்து வாங்கினேன். இடது வெளி ஜாயின்ட் புதுசு. காந்தத்தில் குழைவு மட்டும்தான்.

நேற்று இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, காய்ந்த தாரில் முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஃபுல் கட்டில் வட்டம் அடித்தேன். என்ஜின் நிற்கவில்லை, லேசாகத் தயங்கிவிட்டுச் சுற்றியது. கப்ளிங் பழசுதான், ஆனால் இன்னும் ஓடும் போலிருக்கிறது. வழிந்த போல்ட்டின் தலையை மேஜையில் வைத்திருக்கிறேன். அதிர்வு போனதால் இப்போது பின் கதவு லொட லொட என்று ஆடுவது கேட்கிறது, அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.