6309 டைவர்: "முழுக்க ஒரிஜினல்" என்கிறார் விற்பவர், வாங்கலாமா?

எண்பத்திரண்டு:
வணக்கம். நான் பிறந்த 1982-இல் செய்த வாட்ச் ஒன்று வேண்டும் என்று ஆறேழு மாதமாக ஆன்லைனில் தேடிக்கொண்டிருக்கிறேன். சீக்கோ 6309-7040 டைவர் (முக்குளிப்பவர்களுக்கான வாட்ச்) ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. விற்பவர் எழுதியிருப்பது: "முழுக்க ஒரிஜினல், சர்வீஸ் செய்தது, 150 மீட்டர் வாட்டர் ரெசிஸ்டன்ட், புதுசு மாதிரி." பின்மூடி எண் 2 என்று தொடங்குகிறது, அடுத்து ஆங்கில 'என்'. படம் நாலே நாலுதான், கீழே போட்டிருக்கிறேன். டயல் பளிச்சென்று இருக்கிறது, கேஸ், அதாவது வெளி உலோக உடல், கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இதைவிடக் குறைந்த விலைக்கு இன்னொன்றும் வந்தது. ஆனால் அதில் கண்ணாடி முழுக்கக் கீறல், டயலும் மங்கல், அதனால் தள்ளிவிட்டேன். பழைய வாட்ச் இதற்கு முன் வாங்கியதில்லை. பணம் அனுப்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

பழையமுள்:
முதலில் நல்ல சேதி. எண் சரியாகத்தான் இருக்கிறது. அந்தக் கால சீக்கோவில் பின்மூடி எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9, அப்புறம் ஓ, என், டி. உங்களுடையது நவம்பர். எந்தப் பத்தாண்டு என்பதை எண் சொல்லாது, மாடல்தான் சொல்லும். இந்த டைவர் 1976-இல் வந்து 1988 வரை ஓடியது. ஆக 2 என்றால் 1982-ஐத் தவிர வேறு வழியில்லை.

இனி கெட்ட சேதி. அந்த எண் மூடிக்குத்தான் சாட்சி, வாட்சுக்கு இல்லை. மூடியைத் திருகிக் கழற்றி வேறொன்றில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். உங்கள் நாலு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் உங்களோடு பிறந்தது அந்த மூடி, மிஞ்சிப் போனால் கேஸ்.

டயலைப் பாருங்கள். 6 மணிக் குறிக்குக் கீழே, விளிம்பை ஒட்டி, பொடி எழுத்தில் ஓர் எண் இருக்க வேண்டும். 6309 என்று தொடங்கும். இரண்டாவது படத்தில் அந்த இடம் சுத்தமாகக் காலி. ஓரத்து நிழலில் மறைந்திருக்கலாம் என்ற சந்தேகத்தின் பலனைக் கொடுத்து, சாய்த்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். ஆனால் நான் பந்தயம் கட்டுவேன். ஏனென்றால் டயல் புள்ளிகளில் இருக்கிற ஒளிரும் பூச்சு பால் வெள்ளை, முள்ளில் இருப்பது நெய் நிறம். ஒரே கண்ணாடிக்குக் கீழே நாற்பது வருஷம் கிடந்தவை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பழுக்கும். இருட்டில் எடுத்த படமும் கேளுங்கள். விடிய விடிய ஒளிர்கிறது என்று பெருமையாகச் சொன்னால் அதுவே அவருக்கு எதிரான சாட்சி. அப்படி ஒளிர்கிற பூச்சு 1993-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

கேஸ் மின்னுகிறது என்று சந்தோஷப்படுகிறீர்கள். எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. இந்த மாடலில் கேஸின் மேல்பகுதி மினுங்கக் கூடாது. நடுவிலிருந்து வெளியே விரிகிற மெல்லிய கோடுகள் இருக்கும், சூரியக் கதிர் மாதிரி. பக்கவாட்டு மட்டும்தான் வழவழப்பு. இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கூரான விளிம்பு ஓடும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். பாலிஷ் சக்கரத்தில் போட்டவுடன் கோடும் போகும், விளிம்பும் சோப்புக்கட்டி மாதிரி உருண்டுவிடும். தேய்ந்த உலோகத்தை யாராலும் திருப்பி ஒட்ட முடியாது. கீறின கண்ணாடி, இறுகிப்போன ரப்பர் வளையம், காய்ந்த எண்ணெய் எல்லாம் மாற்றக்கூடியவை, அவற்றுக்குப் பயப்படாதீர்கள். போனால் மீட்க முடியாதவை இரண்டு: ஒரிஜினல் டயலும் கேஸின் வடிவமும். நீங்கள் தலைகீழாகப் பார்த்திருக்கிறீர்கள்.

அந்த 150 மீட்டரை மறந்துவிடுங்கள். ரப்பர் வளையங்களை மாற்றி அழுத்தச் சோதனை செய்யாதவரை, கை கழுவும்போதுகூடக் கழற்றி வைப்பது நல்லது. "சர்வீஸ் செய்தது" என்பதும் வெறும் வாய்வார்த்தைதான். எப்போது, என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

மூடியைத் திறந்து மெஷினைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 6309 என்ற எண்ணும், 17 ஜுவல் (உராய்வைக் குறைக்கும் கற்கள்) என்பதும் பொறித்திருக்க வேண்டும். நான் பட்ட பாடு இது. சில வருஷம் முன் ஒரு வாட்ச், முகம் அப்படியொரு அழகு. திறந்து காட்ட முடியுமா என்றதற்கு, "கருவி இல்லை" என்றார் விற்பவர். சரி போகட்டும் என்று வாங்கினேன். வந்ததும் திறந்தால் ரோட்டரின் (கையசைவில் சுழன்று வாட்சுக்குச் சாவி கொடுக்கிற தகடு) அடியில் செம்மண் தூவிய மாதிரி துரு. கிரவுன் (பக்கவாட்டுத் திருகு) தண்டைச் சுற்றி அதைவிட மோசம், தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. கிழமைச் சக்கரம் அசையவே இல்லை. "சர்வீஸ் செய்தது" என்று அதிலும் எழுதியிருந்தது. அன்றிலிருந்து உள்படம் இல்லாமல் ஒரு ரூபாய்கூட நகர்த்துவதில்லை.

கடைசியாக ஒரு சின்ன வீடியோ. கிரவுனை நேரம் மாற்றும் நிலைக்கு முழுசாக வெளியே இழுத்து, விநாடி முள்ளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். 6309-இல் கிரவுனை இழுத்தாலும் விநாடி முள் ஓடிக்கொண்டே இருக்கும். நின்றால் உள்ளே இருப்பது வேறு மெஷின். கிரவுனைச் சுற்றிச் சாவி கொடுக்கவும் இதில் முடியாது, ஆட்டித்தான் ஓட வைக்க வேண்டும். இதற்கெல்லாம் கருவி தேவையில்லை, சாக்கும் சொல்ல முடியாது.

டிக்டிக்:
பழையமுள் சொன்னதோடு ஒன்று. டைம்கிராஃபர் (டிக்டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் கருவி) படம் இருந்தால் கேளுங்கள். வேகம் மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது விநாடிக்கு 6. வேகத்தைவிட ஆம்ப்ளிட்யூடை, அதாவது உள்ளே ஊசலாடும் சக்கரம் எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதை, கவனியுங்கள். வாட்சுக்கு முழுசாகச் சாவி ஏறி, டயல் மேலே பார்க்கக் கிடக்கும்போது 200 பாகைக்குக் கீழே காட்டினால் "சர்வீஸ்" என்பது துடைத்து வைத்ததுதான். ஒரு நாளைக்குச் சில விநாடி முந்தியோ பிந்தியோ ஓடுவதை யாரும் சரிசெய்துவிடலாம்.

கட்டிக்கொள்ளத்தான்வாட்ச்:
இவ்வளவு ஆராய்ச்சி தேவையா? மாற்று டயல் போட்ட 6309 ஒன்றை நான் தினமும் கட்டுகிறேன், ஒரு குறையும் இல்லை. மாற்று டயல் என்று சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் தப்பே இல்லை.

பழையமுள்:
ஒப்புக்கொள்கிறேன், சொல்லி விற்றால். இவர் "முழுக்க ஒரிஜினல்" விலை கேட்கிறார். அதோடு நண்பர் தேடுவது 1982.

எண்பத்திரண்டு:
எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி சாய்ந்த கோணப் படம், இருட்டுப் படம், உள்படம், வீடியோ, நாலும் கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, "இத்தனை கேள்வி கேட்பவர்கள் வாங்குவதில்லை" என்று ஒரு வரி. நானும் விடவில்லை, வீடியோ மட்டுமாவது போதும் என்றேன். நேற்று ராத்திரி அனுப்பினார், பன்னிரண்டு விநாடி. கிரவுனை இழுத்தார். விநாடி முள் 37-இல் அப்படியே நின்றது. "பார்த்தீர்களா, எவ்வளவு துல்லியமாக நிற்கிறது" என்று கீழே எழுதியும் இருந்தார்.

பழையமுள்:
அவருக்கே தெரியாமல் விற்கிறாரோ என்னவோ, கோபப்படாமல் விலகிவிடுங்கள். அது சரி, கண்ணாடி கீறல் என்று ஒன்றைத் தள்ளிவிட்டீர்களே, அது இன்னும் இருக்கிறதா? இருந்தால் அதன் டயலில் 6 மணிக்குக் கீழுள்ள பகுதியையும் கேஸ் விளிம்பையும் படமெடுத்துப் போடுங்கள்.

எண்பத்திரண்டு:
இருக்கிறது. இப்போதுதான் பார்த்தேன், பின்மூடி எண் 2, அடுத்து டி. கேஸ் மேல் கோடுகள் தெரிகிற மாதிரி இருக்கிறது. உள்படத்துக்கு எழுதிவிட்டேன், கருவி வைத்திருக்கிறாராம், நாளைக்கு அனுப்புகிறேன் என்றிருக்கிறார்.