ஹெட்போனில் அமைத்த டோன் மேடையில் நிற்கவில்லை: ஆம்ப் மாடலர், பெடல்போர்டு அனுபவங்கள்

பதினோரு ஆண்டுகள் ஒரே வால்வ் ஆம்ப்பை (வெற்றிடக் குழாய்களால் இயங்கும் ஒலிபெருக்கியை) வைத்து எலெக்ட்ரிக் கிட்டார் வாசித்துவந்த நான், முதுகுவலியால் அதைத் தூக்கிச் செல்ல முடியாத நிலை வந்ததும், பல ஆம்ப்களின் ஒலியைப் போலச்செய்யும், காலால் இயக்கும் டிஜிட்டல் மாடலர் ஒன்றுக்கு மாறினேன். 1998-இல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிற மாடலரான பாட் (POD) வந்த காலத்திலேயே மாடலிங் எனக்கு அறிமுகம்தான். ஆனால் அன்று கேட்ட ஒலி மனத்தில் ஒட்டவில்லை. பிறகு 2006-இல் ஃபிராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2015-இல் ஹீலிக்ஸ் என்று இந்தத் துறை வெகுதூரம் வந்துவிட்டது. என் கையில் இருந்த கருவியும் நல்ல கருவியே. இருந்தும் அதைக் கொண்டு நான் வாசித்த முதல் நிகழ்ச்சி சரியாக அமையவில்லை. காரணம் பிடிபட எனக்கு ஏறத்தாழ ஐந்து மாதம் ஆயிற்று. இதே இடத்தில் தடுமாறுபவர்களுக்குப் பயன்படும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டில் எல்லோரும் உறங்கிய பின், ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெல்லிய ஒலியளவில் இரவிரவாக ப்ரீசெட்டுகளை (சேமித்துவைத்து அழைக்கும் ஒலியமைப்புகளை) அமைத்தேன். அடியொலி மெலிந்திருப்பதாகத் தோன்றவே பேஸைக் கூட்டினேன்; ஒலி மங்கலாகத் தோன்றவே டிரெபிளைக் கூட்டினேன்; மிட் (நடு அதிர்வெண்கள்) மூக்கால் பாடுவதுபோல் ஒலித்ததால் அதைக் குறைத்தேன். தனியாகக் கேட்டபோது அவ்வளவு நிறைவாக இருந்தது. மேடையில் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் சேர்ந்தவுடன் என் ரிதம் பகுதி காணாமற்போயிற்று. பேஸ் கிட்டாருக்குரிய இடத்தில் என் ஒலியும் புகுந்து குழம்பியது. மேல் ஃபிரெட்டுகளில் லீட் எடுத்தபோது முன்வரிசையில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். மூன்றாவது பாட்டில் கிளீனிலிருந்து (தெளிந்த ஒலி) டிரைவுக்கு (கரகரப்பேற்றிய ஒலி) மாறியபோது ஒலியளவு சட்டென்று எகிற, சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸரில் என் ஒலியளவுப் பிடியான ஃபேடரைக் கீழே இழுத்தார். அடுத்து வந்த கிளீன் பகுதியில் நான் வாசித்தது எனக்கே கேட்கவில்லை.

இதற்கான விளக்கம் 1933-இல் ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்விலேயே இருக்கிறது. ஒலியளவு குறைவாக இருக்கும்போது நம் காது தாழ்ந்த அதிர்வெண்களை, குறிப்பாக அடியொலியை, குறைத்தே உணர்கிறது. மிக உயர்ந்த அதிர்வெண்களும் சற்று மங்கிவிடுகின்றன. ஒலியளவு ஏற ஏற இந்த வேறுபாடு சுருங்கிவருகிறது. ஆகவே, இரவில் என் காது கேட்காமல் விட்டதை எல்லாம் நான் ஈடுகட்டிக் கூட்டி வைத்திருந்தேன்; மேடையின் ஒலியளவில் காது அவற்றையும் சேர்த்துக் கேட்டபோது, கூட்டியது முழுவதும் உபரியாக வெளிப்பட்டது. குறைத்துவைத்த மிட்தான், ஒரு குழுவுக்குள் கிட்டார் காதில் விழுவதற்கு உரிய இடம் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

அதன்பின் ஒத்திகைக்கூடத்தில் இரண்டு மணி நேரம் தனியாக அமர்ந்து, மேடையில் வைக்கும் அதே மானிட்டர் ஸ்பீக்கரை அதே ஒலியளவில் வைத்து, எங்கள் ஒத்திகையில் பதிவுசெய்த டிரம்ஸையும் பேஸையும் கூடவே ஓடவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்தேன். கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கிறது. அதை வெட்டலாமா என்று தயங்கித்தான் லோ கட்டை (குறித்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ளதை வெட்டும் வடிகட்டியை) 100 ஹெர்ட்ஸில் வைத்தேன். குழுவோடு கேட்டபோது எதையும் இழந்ததாகத் தெரியவில்லை, பேஸ் கிட்டாருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஹை கட்டை (மேலுள்ளதை வெட்டும் வடிகட்டியை) 6 கிலோஹெர்ட்ஸ் அருகே வைத்தேன். கிட்டாருக்கான ஸ்பீக்கர்கள் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தாமாகவே வேகமாகச் சரிந்துவிடுபவை என்பதால், அதற்கு மேலே கேட்கும் சீறல் உண்மையான ஆம்ப்பில் நாம் கேட்டுப் பழகியதே அல்ல.

மாதக்கணக்கில் ஆம்ப் மாடல்களை மாற்றி மாற்றிப் பார்த்த நான், ஐ.ஆர். (இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்) கோப்பைத் தொடவே இல்லை என்பதுதான் இப்போது எண்ணினால் வருத்தமாக இருக்கிறது. ஸ்பீக்கர், அது உட்கார்ந்திருக்கும் கேபினெட், முன்னால் நிறுத்திய மைக், அந்த மைக் நின்ற இடம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதன் அச்சுதான் அது. 48 கிலோஹெர்ட்ஸில் 2,048 சாம்பிள்கள் கொண்ட ஐ.ஆர். என்றால் ஏறத்தாழ 43 மில்லிவிநாடி நீளம். அவ்வளவுக்குள் டோனின் பெரும்பகுதி தீர்மானமாகிவிடுகிறது. ஒரே வின்டேஜ் 30 ஸ்பீக்கர், ஒரே எஸ்.எம்.57 மைக். ஒரு கோப்பில் மைக் கூம்பின் நடுக்குமிழுக்கு நேராக நிற்கிறது. மற்றொன்றில் அந்தக் குமிழின் விளிம்புக்கு நகர்ந்திருக்கிறது. முதலாவதில் பிக் தந்தியில் படும் ஒவ்வொரு தட்டும் ஊசியாய்க் குத்தியது. இரண்டாவதற்கு மாற்றியவுடன், ஈக்வலைசரை விரலால்கூடத் தொடாமல், கார்டு ஒன்று உருண்டு திரண்டு வந்தது. நான் ஐந்து மாதம் தேடியதில் பாதி அந்தச் சில சென்டிமீட்டரில் இருந்தது.

ப்ரீசெட்டுகளுக்கு இடையிலான ஒலியளவையும் அன்றே சமன்செய்தேன். டிஸ்டார்ஷன் ஒலியை அமுக்கிவிடுவதால், தனியாகக் கேட்கும்போது அது பெரிதாகத் தோன்றும். குழுவுக்குள் வந்ததும் அமிழ்ந்துவிடும். கிளீன் ஒலியோ நேர்மாறாக முனை நீட்டிக்கொண்டு வெளியே தெரியும். ஒலியளவுமானியில் இரண்டும் சமமாக இருப்பதை நம்பாமல், டிரம்ஸோடு சேர்த்துக் கேட்டே சமன்செய்ய வேண்டும். நாற்பது ப்ரீசெட்டுகளில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டேன். மேடைக்காக மாடலரை அமைத்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். குறிப்பாக, வெளியே தனிப் பெடல்களையும் சேர்த்து வைத்திருப்பவர்கள் எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும். என் ஃபஸ் பெடலை (ஒலியைக் கடுமையாகச் சிதைக்கும் பெடலை) மாடலரின் லூப்பில் (வெளிப் பெடலுக்கு ஒலியை அனுப்பித் திரும்பப் பெறும் வழியில்) இணைத்திருக்கிறேன். ஆனால் அது முன்பு ஒலித்ததுபோல் ஒலிக்கவில்லை.

* * *

தாங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஃபஸ் பற்றிக் கேட்டிருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸ் வழியில் அமைந்த பெடல்கள், கிட்டாரின் பிக்கப்பை நேரடியாகப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவை. அவற்றின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகக் குறைவு. பிக்கப்பும் பெடலும் ஒரே சுற்றாக இயங்குவதால்தான் அந்த இளகிய ஒலி பிறக்கிறது. நடுவில் ஒரு பஃபர் (சிக்னலைத் தாங்கி அனுப்பும் இடைச்சுற்று) வந்துவிட்டால் அந்த உறவு அறுந்துபோய் ஒலி வறண்டு கரகரக்கும். மாடலரின் லூப் என்பது பஃபர் வழியாக வருவதுதான். கம்பியில்லா ரிசீவரும் அப்படியே. ஃபஸ்ஸை எல்லாவற்றுக்கும் முன்னால், கிட்டாரிலிருந்து வரும் கேபிள் முதலில் நுழையும் இடத்தில் வையுங்கள். பிறகு கிட்டாரின் வால்யூம் குமிழை ஏழுக்குக் குறைத்துப் பாருங்கள்; ஒலி தெளிந்து கிளீனை நெருங்கினால் இணைப்பு சரியாக இருக்கிறது என்று பொருள்.

என் தொல்லை வேறு: இரைச்சல். இரண்டு ஓவர்டிரைவ், ஒரு கம்ப்ரஸர் (ஒலியளவின் ஏற்றத்தாழ்வைச் சுருக்குவது), ஒரு டிஜிட்டல் டிலே (எதிரொலி தருவது), ஒரு சிறிய மாடலர் ஆகிய ஐந்தையும் ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாகப் பிரியும் கேபிளில் இணைத்திருந்தேன். கெய்னை (பெருக்க அளவை) கூட்டினால் கொசு காதருகே பறப்பதுபோல் ஒரு மெல்லிய கீச்சொலி கேட்டது. கேபிள்களை மாற்றினேன், பிக்கப்பைச் சந்தேகித்தேன், கிட்டாரின் உட்புறத்துக்குக் கவசத் தாள்கூட ஒட்டினேன். கடைசியில் ஒருநாள் பொறுமையாக ஒவ்வொரு பெடலாகச் சங்கிலியிலிருந்து கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பார்த்தேன். கம்ப்ரஸரில் மாற்றம் இல்லை. முதல் ஓவர்டிரைவைப் பேட்டரிக்கு மாற்றிய கணத்தில் கீச்சொலி பாதியாகக் குறைந்தது. இரண்டாவதையும் மாற்றியதும் நின்றேவிட்டது. ஆனால் குற்றம் ஓவர்டிரைவுகளுடையது அல்ல. டிஜிட்டல் பெடல்களின் உள்ளே ஓடும் கடிகாரத் துடிப்பு பொதுவான கிரவுண்ட் வழியே கசிந்துவர, அதை அவை பெருக்கிக் காட்டிக்கொண்டிருந்தன.

ஒவ்வொரு வெளியீடும் மற்றதிலிருந்து மின்னளவில் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை ஒன்றை வாங்கியதோடு அந்தத் தொல்லை முடிந்தது. வாங்குமுன் எல்லாப் பெடல்களின் பின்புறத்தையும் படித்துக் கணக்கிட்டேன். ஓவர்டிரைவுக்குச் சில மில்லி ஆம்பியர் போதும். டிஜிட்டல் டிலேயும் மாடலரும் நூற்றுக்கணக்கில் கேட்பவை. வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். மில்லி ஆம்பியர் தேவைக்கு மேல் இருந்தால் கெடுதலில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். குறைந்தால்தான் மாடலர் நடுப்பாட்டில் தானாக அணைந்து மீண்டும் எழும். பெரும்பாலான பெடல்களில் முள்ளின் நடுப்பகுதி நெகட்டிவ் முனையாக இருக்கும், ஒன்றிரண்டு மாறியிருக்கும். இருட்டில் அவசரமாகச் செருகி ஒரு பழைய பெடலை இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாறியிருக்கும் பெடலின் கேபிளில் சிவப்புப் பட்டை ஒட்டிவையுங்கள்.

* * *

நான் சொல்ல வேண்டியது சுருக்கமானதுதான். என்னிடம் வால்வ் ஆம்ப் இன்னும் இருக்கிறது. மாடலரை நான்கு கேபிள் முறையில் அதனோடு இணைக்கிறேன். ஆம்ப்பின் முன்நுழைவுக்கு ஒன்று, அதன் எஃபெக்ட்ஸ் சென்டிலிருந்து (ஒலியை வெளியே அனுப்பும் முனை) ஒன்று, ரிட்டர்னுக்கு (திரும்பப் பெறும் முனை) ஒன்று, கிட்டாரிலிருந்து ஒன்று. முதல்முறை இணைத்தபோது மாடலரின் ஐ.ஆர். அணைக்கப்படாமல் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கருக்குள் இன்னொரு ஸ்பீக்கரின் ஒலி புகுந்து, கம்பளியைப் போர்த்தியதுபோல் அமுங்கிக் கிடந்தது. இப்போது மிக்ஸருக்குப் போகும் வெளியீட்டில் மட்டும் ஐ.ஆர். இருக்கிறது, ஆம்ப்புக்குப் போகும் வழியில் இல்லை. இதன் மறுபக்கமும் உண்டு: ஐ.ஆர். இல்லாமல் நேராக மிக்ஸருக்கு அனுப்பினால் டிஸ்டார்ஷன் தேனீக்கூட்டம்போல் இரையும்.

இரண்டு கருவிகளும் தனித்தனியாகச் சுவர்மின்சாரத்தோடு இணைந்திருப்பதால் கிரவுண்ட் சுழல் உண்டாகி, 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் ஹம் எழும். என்னுடையது, இரண்டையும் ஒரே மின்பலகையில் செருகியதில் குறைந்தது. ஒரு கேபிளின் நடுவே தனிப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்ததில் நின்றது. பிளக்கின் எர்த் முள்ளைக் கழற்றினால் ஹம் போகும் என்று எனக்கு ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். வால்வ் ஆம்ப்பின் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. கோளாறு நேர்ந்தால் அது கிட்டார்த் தந்திகள் வழியே நம் கைக்கு வரும், எதிரே இருக்கும் மைக்கை உதடு தொட்டால் போதும். சிக்னல் கேபிளில் செய்யும் திருத்தம் மட்டுமே பாதுகாப்பானது.

இன்னொன்று. நிகழ்ச்சியன்று காலையில் ஃபர்ம்வேரை (மாடலரின் உள் மென்பொருளை) புதுப்பித்தேன். என் அமைப்புகள் அனைத்தும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டன. கணினியில் நகல் எடுத்துவைக்கவில்லை. அன்று மாலை வரை நினைவிலிருந்து மீட்டு அமைத்தேன், பாதிதான் மீண்டது.

* * *

முதலில் எழுதியவன் மீண்டும் வந்திருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எர்த் பற்றிய எச்சரிக்கையை எங்கள் குழுவினர் அனைவருக்கும் படித்துக் காட்டினேன்.

சென்ற வாரம் ஒரு நிகழ்ச்சி நடந்தது. மூன்று ப்ரீசெட்டுகளையும் ஒன்றாக்கி, அதற்குள் நான்கு ஸ்னாப்ஷாட்டுகளாக (ஒரே ப்ரீசெட்டுக்குள் மாற்றிக்கொள்ளும் நிலைகளாக) பிரித்திருந்தேன். ப்ரீசெட் மாற்றும்போது விழும் சிறு இடைவெளி ஸ்னாப்ஷாட்டில் இல்லை, டிலேயின் வாலும் அறுபடாமல் அடுத்த பகுதிக்குள் கரைந்து போகிறது. அரங்கின் ஒலியமைப்பு மோனோ (இடது, வலது பிரிக்காத ஒரே தடம்) என்று ஒலிச்சோதனையின்போதுதான் தெரிந்தது. இரண்டு காதுக்கும் விரிந்து கேட்ட என் ஸ்டீரியோ கோரஸ், இரு பக்கமும் ஒன்றாகச் சேர்ந்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மெலிந்து போயிற்று. அங்கேயே இடது வெளியீட்டை மட்டும் கொடுத்துச் சமாளித்தோம். இனி வீட்டில் அமைக்கும்போதே ஒருமுறை மோனோவில் கேட்டுப் பார்ப்பது என்று வைத்திருக்கிறேன்.

மாடலர் ஒலியைக் கணக்கிட எடுக்கும் தாமதம் பற்றி எனக்கிருந்த பயமும் அன்று தீர்ந்தது. ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவிநாடி ஆகிறது. பழைய ஆம்ப்பிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நின்று பல ஆண்டுகள் வாசித்தவனுக்கு, மாடலர் எடுத்துக்கொள்ளும் சில மில்லிவிநாடி விரலுக்குத் தட்டுப்படவில்லை. கடைசிப் பாட்டு வரை சவுண்ட் இன்ஜினியர் என் ஃபேடரைத் தொடவில்லை.

ஃபஸ்ஸை நேற்றுப் பெடல்போர்டின் வலது ஓரத்துக்கு, கேபிள் முதலில் நுழையும் இடத்துக்கு நகர்த்தினேன். வால்யூம் குமிழை ஏழுக்கு இறக்கியதும் ஒலி தெளிந்தது. ஆனால் அந்தப் பெடலை இயக்கும்போது மட்டும் மாடலரின் உள்ளீட்டு விளக்கு சிவப்பைத் தொடுகிறது. உள்ளீட்டு அளவைக் குறைத்தால் கிளீன் ஸ்னாப்ஷாட் மெலிகிறது. நாளை ஒத்திகையில் ஃபஸ்ஸின் சொந்த வால்யூமை இறக்கி, அந்த இழப்பை மாடலரின் ஆம்ப் பிளாக்கில் (ஆம்ப்பைப் போலச்செய்யும் பகுதியில்) ஈடுசெய்து பார்க்கப்போகிறேன்.